புதன்கிழமைப் போத்தல்

கடையில் வாங்கியது என்று சொல்லி றொய்சன் தப்ப முடியாது. போஜோலே நூவோ என்ற அந்தப் பிரெஞ்சு வைன், அந்த ஆண்டு பறித்த திராட்சையில் செய்தது. நவம்பர் மூன்றாம் வியாழனுக்கு முன் எந்தக் கடையும் அதை விற்காது. அன்று அதற்கு முதல் நாள், புதன். அது அடுக்கியிருந்த எங்கள் வெயர்ஹவுசை விட்டு ஒரு பெட்டியும் இன்னும் வெளியே போகவில்லை.

மோர்னிங்சைட் வீட்டில் அமிர்தநாதரின் அறுபதாவது பிறந்தநாள். அவருடைய மகள் ஜூலியை றொய்சன் கட்டப் போகிறான், வேலை நிரந்தரமானால். அது அவர் போட்ட நிபந்தனை. நானும் அவனும் இரவில் பெட்டி அடுக்குகிறவர்கள். யூனிவர்சிட்டியைப் பாதியில் விட்ட எனக்கு நிரந்தரமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். அவனுக்கு இரண்டும் வேண்டும். அப்படியிருந்தும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"விசரா, நாளைக்குக் குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"நாளைக்கு எல்லாரும் குடிப்பினம். மாமா இண்டைக்கே குடிக்கோணும்."

அமிர்தநாதர் போத்தலைத் திறந்து, எடுக்கிற படங்களில் லேபல் விழும்படி கேக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

அப்போதுதான் எங்கள் சூப்பர்வைசர் குலசிங்கம் உள்ளே வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அமிர்தநாதரே அவரைக் கூப்பிட்டிருந்தார். எங்களிடம் சொல்லவில்லை.

நான் போத்தலை எடுக்கக் கை நீட்டினேன்.

"உதிலை கை வையாதை தம்பி!" அமிர்தநாதர் என் கையைத் தட்டிவிட்டார். "மருமோன் கொண்டந்தது."

குலசிங்கம் வாசலில் குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். றொய்சன் ஜூலியின் காதில் ஏதோ சொன்னான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கல்யாணம் முறிந்தது என்றே நினைத்தேன். பிறகு மேசையை மறைத்து நின்று அந்தப் போத்தலிலிருந்து ஒரு கிளாஸை நிரப்பினாள்.

"வாங்கோ அங்கிள். அப்பாவோட ஒரு படம்."

குலசிங்கம் கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்தார். ஜூலி விலகிப் படம் எடுத்தாள்.

"நல்லாயிருக்கு. உதென்ன சாமான்?"

அமிர்தநாதர் பெருமையாகப் போத்தலைக் காட்டினார். குலசிங்கம் லேபலை வாசித்தார். றொய்சனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இண்டைக்குப் புதன்," என்றார்.

"ஓம் அங்கிள்." ஜூலி போனைத் திருப்பிக் காட்டினாள். அவர் வாயில் கிளாஸ். பக்கத்தில் லேபல், மேலே புதன்கிழமைத் திகதி.

"பிள்ளை, அதை அழி."

"அழிக்கிறன். முதல்ல அப்பா உங்களிட்டை ஏதோ கேக்கோணுமாம்."

அமிர்தநாதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெடியன் எப்பிடி, குலம்? வேலை நிரந்தரமாகுமோ?"

குலசிங்கம் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"ஆகும்."

கேக் வெட்டும்வரை அவர் நிற்கவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டியபடி, றொய்சனை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நிரந்தரக் கடிதம் வரும். ஆனா இனி என்ரை ஷிப்டிலை உன்னைக் காணக் கூடாது."