சோதனைப் படங்கள்

மாமனாரின் மரணத்தைப் பதிந்துவிட்டு வந்த தேவன், மோட்டார் சைக்கிளை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நேராக மைத்துனன் பவித்ரனிடம் வந்தான். கையில் மரணச் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது, அடையாள அட்டை இல்லை.

"அப்பா ஐசி எங்க மச்சான்?" என்றான் பவித்ரன்.

"அத வாங்கி வச்சுக்கிட்டாங்க. செத்தவங்க ஐசிய திருப்பித் தர மாட்டாங்களாம். அது ரூல்ஸ்."

"குடுக்கறதுக்கு முந்தி போன்ல ஒரு படம் புடிச்சிருக்கலாம்ல?"

தேவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "எதுக்கு? நீ போட்டோகிராபர். ஒங்க வீட்டுக்கு நான் ஐசி படம் தேடணுமா?"

கூடத்தில் பவித்ரனின் அப்பா உடையப்பன் பெட்டியில் கிடந்தார். விடியற்காலை போன உயிர். புந்தோங் வட்டாரம் முழுக்கச் சேதி போய், வாசலில் போட்ட கெமா கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பெட்டியின் தலைமாட்டில் விளக்கு இருந்தது, மாலை இருந்தது. மாலை போட வேண்டிய படம்தான் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வேன் வரும். அதற்குள் படம் வேண்டும். சாவு வீட்டில் படம் இல்லாமல் பெட்டியைத் தூக்கினால் அநாதைப் பிணத்தைத் தூக்குவது மாதிரி என்று அம்மா காளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். "படத்த நான் பாத்துக்கறேன்" என்று அலட்சியமாகச் சொன்னவனும் பவித்ரன்தான்.

தங்கை துளசியைக் கூப்பிட்டான். "ஒன் போன்ல அப்பா படம் ஏதாவது இருக்கா?"

"ஒன்னுகூட இல்ல அண்ணே."

"ஒன்னுகூடவா?"

"நீ இருக்கறப்ப நாங்க எதுக்கு எடுக்கணும்? ஒருதடவ எடுத்தேன். போன்ல எடுத்தா அதுக்குப் பேரு படமான்னு கேட்டு நீயே அழிச்சுட்ட."

அது உண்மை. ஈப்போவில் கல்யாணப் படம் எடுப்பவர்களில் பவித்ரனுக்குத் தனிப் பேர் உண்டு. வீட்டில் ஒருவர் போனைத் தூக்கினாலே அவனுக்கு முகம் சுளிக்கும். நாளடைவில் அந்த வீட்டில் யாரும் யாரையும் படம் எடுக்காமலே போய்விட்டார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தது. அன்று லாரியில் நனைந்த ட்ரங்குப் பெட்டியோடு பழைய படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன.

"சரி, இரு. என்கிட்ட ஆயிரம் படம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கணினியைத் திறந்தான்.

முதலில் துளசி கல்யாணம். அப்பா அப்போது நன்றாக நடமாடிய காலம். மணவறையில் இருந்தார், பந்தியில் இருந்தார், தாலி கட்டும்போது துளசிக்குப் பின்னாலேயே நின்றார். ஆனால் படத்தில் துளசியின் ஜிமிக்கி இருந்தது. ஜிமிக்கியில் தொங்கிய முத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா அதற்குப் பின்னால் பால் கொட்டியதுபோல் கரைந்து கிடந்தார். அந்தக் கரைசலுக்காகத்தான் அவன் அன்று அந்த லென்ஸை வாங்கியிருந்தான். குடும்பமாக நிற்கவைத்து ஒரு குரூப் படம் எடு என்று அப்பா கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய ஸ்டைல்ப்பா, இப்ப யாரும் எடுக்கறதில்ல" என்று சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

போகட்டும். சோதனைப் படங்கள் இருக்கின்றன.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம். காலையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தால் சாயங்காலம்வரை அங்கேயே இருப்பார். பவித்ரன் புது கேமராவோ புது லென்ஸோ வாங்கினால், பெட்டியைப் பிரித்த கையோடு அவர் முன்னால்தான் போய் நிற்பான். மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறதா, இமை கூர்மையாக விழுகிறதா, காது ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறதா என்றெல்லாம் பார்ப்பதற்கு அந்த முகத்தைவிட்டால் வேறு முகம் கிடையாது. "எங்கப்பா அசையவே மாட்டாரு மச்சான், டிரைபாட் தோத்துடும்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவர்களும் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு கோப்பு. கோப்புக்கு மேல் லென்ஸின் நம்பர்தான் இருந்தது, அப்பாவின் பேர் எங்கும் இல்லை. முதலாவதைத் திறந்தான். கண். அடுத்தது, கண்ணும் புருவமும். அடுத்தது காது. தாடையில் முளைத்த வெள்ளை முடி. மறுபடி கண். இன்னொரு கோப்பு, இன்னொரு லென்ஸ்: மூக்கோடு நின்றுபோன முகம்.

அவன் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனான். விரல் தன்னால் நின்றது.

எல்லாமே வலது பக்கம். ஒரு படத்தில்கூட இடது பக்கம் இல்லை.

ஏன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சம் வலது பக்கம் விழும். வாதத்தில் தொங்கிப்போனது இடது பக்கம். எச்சில் வழியும் அந்த வாய்க்கோடியை எந்த லென்ஸை வாங்கியபோதும் அவன் தள்ளிவிட்டே எடுத்திருக்கிறான். முழு முகமாக ஒன்று எடுக்க வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. தோட்டத்து ஆட்களை வைத்து ஒரு கண்காட்சியே செய்ய வேண்டும், அதில் முதல் படம் அப்பா என்று பேசியிருக்கிறான். அதற்கு ஏற்ற லென்ஸ் இன்னும் வரவில்லை என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் காரணம்.

ஒரு படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினான். அப்பாவின் கருவிழி திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஜன்னல் தெரிந்தது, ஜன்னல் கம்பி தெரிந்தது, நடுவில் ஓர் ஆள் நின்றான். அவனுக்குத் தோள் இருந்தது, முழங்கை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு டப்பா இருந்தது. பவித்ரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேவிட்டான்.

கதவை யாரோ தட்டினார்கள். "அண்ணே, அம்மா கேக்குது, படம் ஆயிருச்சான்னு."

"ஆவுது, ஆவுது!"

உட்கார்ந்தான். அரை முகம் இருக்கிறது. அரை முகம் இருந்தால் போதாதா? வலது பாதியை வெட்டி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, இடது பக்கம் ஒட்டினான். கன்னத்து மச்சம் இரண்டாகிவிட்டது, ஒன்றைத் துடைத்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் பொம்மை மாதிரி தெரியும் என்பதால் ஒரு புருவத்தைக் கொஞ்சம் இறக்கினான். வேலை கையில் பிடித்துக்கொண்டது. நிழலைச் சரிசெய்தான், தோலுக்குச் சூடு ஏற்றினான், வேறொரு படத்திலிருந்து சட்டைக் காலரை எடுத்துப் பொருத்தினான். கூடத்தில் செத்துக் கிடப்பவர் யார் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. படம் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது, இந்த வருஷம் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். நினைத்துவிட்டோமே என்று மறுநிமிஷம் திடுக்கிட்டான்.

பிரேமில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனான். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். படத்தை நன்றாகப் பார்த்த பக்கத்து வீட்டு விமலா அக்கா, "யாரு தம்பி இது? ஒங்க சித்தப்பாவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்பாக்கா."

விமலா அக்கா பெட்டியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

காளியம்மா எழுந்து வந்தாள். முப்பது வருஷம் புருஷனோடு சேர்ந்து ரப்பர் மரம் சீவிய கை. படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.

"யாருடா இது?"

"அப்பாம்மா. நல்லாப் பாரு. இது அப்பா கண்ணு. இது அப்பா மூக்கு. எல்லாமே அப்பாதான்."

"கண்ணு தெரியுது. ஆளு எங்க?"

"அம்மா…"

"அந்தப் பக்கம் எங்க? ஆறு வருஷமா நான் தொடச்சு விட்ட பக்கம் எங்க? எவன் மூஞ்சியடா கொண்டாந்து ஒட்டுன?"

துளசி படத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, பயமா என்று தெரியவில்லை. வாசலில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பவித்ரன் தானும் ஒருமுறை பார்த்தான். இத்தனை நேரம் அப்பாவாக இருந்த படத்தில் இப்போது முன்பின் தெரியாத ஓர் ஆள், வலியே அறியாத முகத்தோடு, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காளியம்மா படத்தைக் குப்புறக் கவிழ்த்து நாற்காலியில் போட்டாள். "போ. கேமராவ எடுத்துட்டு வா. இப்ப எடு."

"செத்த மூஞ்சியவா?" என்றான் தேவன். "அத்தே, அதெல்லாம் வழக்கமில்ல."

"நீ சும்மா இரு மாப்ள. டேய், எடுத்துட்டு வாடான்னா!"

அவள் குனிந்து, தாடையைச் சுற்றியிருந்த நாடிக்கட்டைத் தானே அவிழ்த்தாள். நெற்றி விபூதியைச் சரிசெய்தாள். பவித்ரன் கேமராவோடு வந்து, பழக்கத்தில், வலது பக்கம் நின்றான். புது கேமரா. அது கண்ணைத் தானாகவே தேடிப் பிடிக்கும். பிடித்தால் பச்சைக் கட்டம் விழும், எடுப்பவன் அமுக்கினால் போதும். கட்டம் விழவில்லை. கண் மூடியிருந்தது. அசைத்தான், நெருங்கினான், விலகினான். கேமரா தேடிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பக்கம் போடா" என்றாள் அம்மா.

பெட்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்க் குனிந்தான். பச்சைக் கட்டம் சட்டென்று விழுந்து நின்றது.

ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கேமரா கையிலிருந்து நழுவப் பார்த்தது; கழுத்து வார்தான் காப்பாற்றியது. அப்பாவின் இடது கண் பாதி திறந்திருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா! கண்ணு… கண்ணு தொறந்திருக்கு!"

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அவனைத்தான் எல்லாரும் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"அது என்னிக்கு மூடுச்சு?" என்றாள் காளியம்மா. "நோவு வந்ததுலேர்ந்து அப்பிடித்தான். ஈரத்துணி போட்டுத்தான் தூங்குவாரு. காலையில மூடிப் பாத்தோம், நிக்கல. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"ஒரே வீட்டுல இருந்தியேடா."

அவன் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்றான். கண் தேடும் வசதியை அணைத்தான். லென்ஸைக் கையால் திருகினான். எங்கே கூர்மை வைப்பது என்று ரொம்ப நேரம் தெரியவில்லை. கீழே ஒரு முழு முகம் கிடந்தது. தொங்கிய கன்னம், காய்ந்த வாய்க்கோடி, மூடாத கண், மூடிய கண். இப்படிச் சேர்த்துவைத்து அவன் பார்த்ததே இல்லை. அமுக்கினான். ஒன்றே ஒன்று.

எதையும் துடைக்காமல், எதையும் வெட்டாமல் பிரிண்ட் போட்டு, பழையதைப் பிரேமிலிருந்து உருவிவிட்டு இதைச் செருகிக் கொண்டுவந்தான். வேன் வந்து நின்றிருந்தது. காளியம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். "இவருதான்" என்றாள். மாலையை எடுத்து அவளே போட்டாள்.

"உசுரு இல்லாத படத்தப் போயி முன்னாடி தூக்குவாங்களா அக்கா?" என்று விமலா அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பாக்கறவங்க என்னா சொல்வாங்க?"

காளியம்மா படத்தை மகன் கையில் திணித்தாள்.

"உசுரோட இருக்கறப்ப எவன் எடுத்தான்?" என்றாள்.