முப்பத்தொன்றாம் தாள்

அந்த உறை மூன்று வாரமாக என் மனைவியின் கைப்பையில் இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒட்டி மூடிய ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. எனக்கோ சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் கண் அந்தப் பையின் மேலேயே இருந்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டாள். அலையவில்லை, நடக்கிறேன் என்றேன்.

நான் பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்தை நடத்துகிறவன். மையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலக மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, இரண்டு மேசை, ஆறு நாற்காலி, ஒரு ஜன்னல். எலி வளையானாலும் தனி வளை. மாணவர்கள் கட்டுரையைக் கொண்டுவருவார்கள், பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிப் பேசிச் சரிசெய்து அனுப்புவோம். வருஷத்துக்கு அறுநூறு பேர். முகமே நினைவில் நிற்காது, கட்டுரை எங்கே நிற்கும்?

இரண்டாவது மேசை என் சக ஆசிரியருடையது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கமா. எதைப் படித்தாலும் ஒவ்வொரு கமாவிலும் நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் மேலே போவார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் பரீட்சைப் பிரிவில், ஜன்னலே இல்லாத அறையில், விடைத்தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். வந்த முதல் நாளே மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அது ஒரு அங்குலம் நகரவில்லை.

டீன் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பி, உங்களிடம் வருகிறவர்கள் நிஜமாகவே எதையாவது கற்றுக்கொள்கிறார்களா, கற்றல் விளைவை அளந்து காட்டுங்கள் என்றார். போன வருஷத்தில் இருந்து இருபது மாணவர்களை எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் கொண்டுவந்த முதல் வடிவம், எங்களிடம் உட்கார்ந்து திருத்திய கடைசி வடிவம், இரண்டுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். குறைந்தது பத்துப் பேர் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை நூலகத்துக்கு, கமா பரீட்சைப் பிரிவுக்கு, நான் சேர்க்கைப் படிவங்களுக்கு. திங்கட்கிழமை நான்கு மணி கெடு. இத்தனையையும் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அளவுகோலை நானே எழுதினேன். முதல் பத்தியில் மையக் கருத்து, ஒழுங்கு, ஆதாரம், பத்திக்குப் பத்தி தொடர்பு, முடிவுரை. பிடித்திருக்கிறது என்பதற்காக மதிப்பெண் போடக்கூடாது என்று கீழே கோடு போட்டு ஒரு வரி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு நேர்த்தியாக வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பெயரை மறைக்கும் யோசனை மனைவியுடையது. யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் கண் அதற்கு ஏற்றபடி பார்க்கும் என்றாள். நாற்பது தாளையும் அவளே கலைத்து எண் போட்டாள். எந்த எண் யாருடையது, முதல் வடிவமா கடைசி வடிவமா, எத்தனை முறை யாரிடம் உட்கார்ந்தார் என்ற பட்டியல்தான் அந்த உறைக்குள் இருந்தது. நானும் கமாவும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஒத்துவராவிட்டால் அந்த மாணவர் கணக்கிலேயே வரமாட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். இந்த விதியும் நான் எழுதியதுதான்.

ஒரே வகுப்புக்குக் கொடுத்த ஒரே தலைப்பு என்பதால் பாதித் தாள்கள் பொதுக் கட்டடங்களில் பாதுகாப்பைப் பற்றியவை. படித்துப் படித்து எனக்குத் தீயணைப்புக் கருவி கனவில் வந்தது. வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு முப்பத்தொன்றாம் தாளை எடுத்தேன்.

‘லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் அப்பா முதலில் கருவிப் பையைத் திறக்கமாட்டார். கதவில் காதை வைப்பார். உள்ளே இருப்பவர் அழுதால் நல்லது, திட்டினால் அதைவிட நல்லது. சத்தமே இல்லையென்றால்தான் அப்பாவின் கை வேகமாகும்.’

அப்படி ஆரம்பித்து, எங்கெங்கோ போய், ஒரு பள்ளிக்கூட லிஃப்டில் மாட்டிக்கொண்ட கணக்கு வாத்தியாரிடம் அப்பா வாய்ப்பாடு கேட்ட கதையைச் சொல்லி, முடிவுரையே இல்லாமல் சட்டென்று நின்றது. நான் சாப்பிட மறந்துபோனேன். அளவுகோல் தாளைப் பார்க்காமலே நான்கு போட்டேன். மறுநாள் எட்டாம் தாள். ‘பொதுக் கட்டடங்களில் பாதுகாப்பு என்பது இன்றியமையாத ஒன்றாகும். இக்கட்டுரை அதன் மூன்று அம்சங்களை ஆராய்கிறது.’ கொட்டாவி விட்டுக்கொண்டே இரண்டு போட்டேன்.

சனிக்கிழமை கமாவின் மதிப்பெண்கள் வந்தன. திங்கள் காலையில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி வரை இரண்டு தடவை போய்வந்தேன். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினேன், அது ஒழுக ஆரம்பித்தது. மனைவி அதைப் பார்த்தாள், உறையை எடுத்து மேசை மேல் போட்டாள்.

“எடுத்துக்கோங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். பிடிக்காத ரிசல்ட் வந்தா மட்டும் மறுபடி டெஸ்ட் பண்றேன்னு நிக்கக் கூடாது.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கை உறைக்குள் நன்றாகவே நுழைந்தது.

ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள். அதில் எங்கள் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. பத்துப் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மீதி ஒருத்தி. முப்பத்தொன்றும் எட்டும் அவளுடைய தாள்கள். முப்பத்தொன்று அவள் கொண்டுவந்தது, எட்டு நாங்கள் திருத்தி அனுப்பியது. நான் போட்டது நான்கும் இரண்டும். கமா போட்டது இரண்டும் நான்கும். வருகை ஆறு. உட்கார்ந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

வீட்டுக்கு எடுத்துவந்திருந்த மையத்தின் கோப்பில், அவள் பெயருக்குக் கீழே என் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. முதல் வருகை: அப்பாவைப் பற்றிய பகுதி தலைப்புக்கு வெளியே, குறைக்கவும். மூன்றாவது: இன்னும் குறைக்கவும். ஐந்தாவது: நன்று. ஆறு முறை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனிதரைக் கட்டுரையிலிருந்து வெளியேற்றியிருக்கிறேன், அது நினைவில்கூட இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் கோபமாக மாறி மனைவி மேல் போனது. கட்டுரை என்ன ரத்தமா, அளவுகோலில் எல்லாமா வரும் என்று கத்தினேன்.

“நான் அளவுகோலைக் கேக்கல. எது நல்ல கட்டுரைன்னு உங்களைக் கேக்கறேன்” என்றாள். நான் குழாயைப் பார்க்கப் போய்விட்டேன்.

திங்கள் காலை கமாவிடம் உறையைப் பிரித்ததைச் சொல்லவில்லை. அவர் இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்து, மூச்சு விட்டு விட்டுப் படித்துக் காட்டினார். மையக் கருத்து எங்கே, முடிவுரை எங்கே என்று முப்பத்தொன்றில் விரலை வைத்துக் கேட்டார். அதில் உயிர் இருக்கிறது என்று முனகினேன்.

“உயிருக்கு எத்தனை மார்க்னு நீங்க இதுல எழுதலையே சார். எனக்கும்தான் பிடிச்சுது. ரெண்டு தடவை படிச்சேன். பிடிச்சதுக்காகப் போடக் கூடாதுன்னு கோடு போட்டது யாரு?”

அவருக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. பேனாவை எடுத்தேன். நான்கை அடித்து இரண்டு போட்டேன், இரண்டை அடித்து நான்கு போட்டேன். ராத்திரியே மறுபடி ஒட்டிவைத்திருந்த உறையைப் புதிதாகப் பிரிப்பது போல நடித்தேன். பத்து. இருவரும் கையெழுத்துப் போட்டோம். கமா இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலை விரியத் திறந்து, அதன் கட்டையைத் துணியால் துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். பழகிய இடம் மாதிரி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். போன வருஷம் ஆறு தடவை என்னிடம் வந்ததாகவும், அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததாகவும் சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரிகளில் அவசர வழிகளைப் பற்றி எழுதியிருந்தாள். வாங்கிப் படித்தேன். ‘ஆஸ்பத்திரிகளில் அவசர வழிகள் இன்றியமையாதவை.’ மையக் கருத்து, ஒழுங்கு, ஆதாரம், தொடர்பு, முடிவுரை. என் அளவுகோலில் நான்குக்கு நான்கு. சொல்வதற்கு எதையாவது தேடினேன். அவள் சிரித்தாள்.

“இந்தத் தடவை உங்களுக்கு வேலையே வைக்கல சார். அப்பாவை நானே எடுத்துட்டேன்.”

அடுத்த மேசையில் கமாவின் பேனா நின்றது.

அப்பாவைப் பற்றி என்ன இருந்தது என்று கேட்டேன். தலைப்புக்கு வெளியே சார் என்றாள். பரவாயில்லை, சொல்லு என்றேன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய், உள்ளே சக்கரப் படுக்கையில் ஒரு நோயாளியும் தள்ளிக்கொண்டு வந்த ஊழியரும் மாட்டிக்கொண்டார்களாம். நாற்பது நிமிஷம் அப்பா கதவிடுக்கில் வாயை வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மூத்தவன் என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தாராம். பதில் வருகிறவரைக்கும் பயமில்லை என்பது அவர் கணக்கு.

“அதை எழுதின பக்கம் எங்கே?”

“எழுதவே இல்ல சார். தோணுச்சு, வேண்டாம்னு விட்டுட்டேன். இப்பல்லாம் தோணும்போதே தெரிஞ்சிடுது.”

கற்றல் விளைவு. மூன்று வாரமாக நான் தேடி அலைந்தது தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கோப்பிலிருந்து முப்பத்தொன்றாம் தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். தன்னுடையது என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தன்னிடம் இது இல்லை, கம்ப்யூட்டரில் பழையதன் மேலேயே திருத்தித் திருத்தி எழுதியதில் போய்விட்டது என்றாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள்.

மூன்றரை. நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு கமாவின் மேசைக்குப் போய், உறையை ஞாயிற்றுக்கிழமையே பிரித்துவிட்டேன் என்றேன்.

“தெரியும் சார். காலையில வாதாடாம ஒத்துக்கிட்டீங்க. உங்களுக்கு அது வழக்கமில்ல.”

அந்தப் பெண்ணின் வரிசையில் அடித்ததை எல்லாம் திரும்ப அடித்து, பழைய எண்களைப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மதிப்பெண்ணை மாற்றமாட்டேன், அளவுகோல்படி அதுதான் சரி என்றார். சரிதான் என்றேன். நாம் ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மைதான் என்று அவரே சொல்லி, அந்த வரிசைக்கு எதிரே ‘உடன்பாடு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

“அப்ப ஒன்பது.”

“ஒன்பது சார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சைக்கிள் நிறுத்துமிடம், அதற்கு அப்பால் ஒரு சுவர், வேறொன்றும் இல்லை.

“போற வழியில பரீட்சைப் பிரிவு இருக்கு. இப்பவாவது ஜன்னல் வெச்சிருக்காங்களான்னு பார்த்துட்டு வாங்க.”

நான் வெளியே வரும்போது, அந்தக் கணக்கு வாத்தியார் வாய்ப்பாட்டில் எத்தனை வரைக்கும் போனார் என்று கமா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழு என்றாள் அவள். டீன் அறைக்கு இரண்டு கதவு முன்னால் பரீட்சைப் பிரிவு. கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். நான்கு பக்கமும் விடைத்தாள் கட்டுகள், நடுவில் குழல்விளக்கு. ஜன்னல் வைக்கவில்லை. அறிக்கையை ஒரு தடவை நேராக மடித்துக்கொண்டு டீன் அறைக் கதவைத் தட்டினேன்.