மிளகோடு கலந்த விதை

எங்கள் மேலப்பாளையம் வெயிலுக்கு ஐரிஸ் பூ வராது என்று சொல்லாத ஆள் இல்லை. செடிக் கடைக்காரர் சிரித்தே விட்டார். சிரிக்கட்டும். என் வாப்பா அலி அஸ்கர் காஷ்மீருக்கு லாரி ஓட்டிப் போன இடத்தில் மாரடைப்பு வந்து, அங்கேயே அடக்கமானவர். என் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அது. கபரை நான் பார்த்ததில்லை. அதன் மேல் வெள்ளையாக இந்தப் பூ பூக்குமாம், கீழ் இதழில் தாடி மாதிரி மஞ்சள் முடி இருக்குமாம். அந்த ஊர்ப் பள்ளிவாசலில் ஒருவர் பரிதாபப்பட்டு விதை அனுப்பிவைத்தார். அது முளைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல குளிர் பட்டால்தான் அந்த விதை கண் திறக்கும். ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மாமியாரிடம் மூச்சு விடவில்லை. ஹமீது பீவி மாமிக்கு ஃபிரிட்ஜ் சொந்த ராஜ்யம். சொன்னால் ஆயிரம் கேள்வி வரும்.

அதுதான் வினையாயிற்று. பக்ரீத் சமயத்தில் நான் உம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குர்பானி இறைச்சி வைக்க மாமி ஃபிரிட்ஜைக் காலி செய்திருக்கிறார். டப்பாவைத் திறந்தால் உள்ளே சுருங்கிப்போன கருப்பு உருண்டைகள். மருமகள் மிளகை நனையவிட்டு ஒளித்து வைத்திருக்கிறாள் என்று திட்டிக்கொண்டே கழுவி, மொட்டைமாடியில் மசாலாவுக்குக் காய்ந்துகொண்டிருந்த மிளகோடு சேர்த்துப் பரப்பிவிட்டார். நான் திரும்பி வரும்போது, மில்லுக்கு அனுப்பப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பையைப் பிடுங்கிக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். சுளகில் கொட்டிப் பொறுக்கப் பார்த்தேன். காய்ந்த பிறகு எது மிளகு, எது விதை என்று தெரியவில்லை. தவறிப்போய் ஒன்றைக் கூடக் குழம்புக்கு விட எனக்கு மனசில்லை. அத்தனை மிளகையும் ஈரத்துணியில் கட்டி மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? மிளகையா முளைக்கப் போடுதே?"

"மிளகு அழுகட்டும் மாமி. அழுகாம கெடக்கது எங்க வாப்பாவோடது."

அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்தது சின்னச் சண்டையா? மாமி என் மூட்டையைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளுவார். நான் மேலே ஏற்றுவேன். பாலெல்லாம் மிளகு வாடை என்பார். மிளகு முளைத்துவிட்டதா என்று தெருவே விசாரித்தது. நான் துணியைப் பிரித்து, பூசணம் பிடித்ததைக் கழித்து, மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டே இருந்தேன். வெயிலில் காய்ந்ததில் செத்துப்போயிருக்குமோ என்ற பயத்தை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மாமி கூப்பிட்டார், வழக்கமான அதட்டல் குரலில் அல்ல.

"அர்ஷியா, இங்கன வா. சம்பந்தி வந்திருக்காவ."

உம்மாதான் வந்துவிட்டாளோ என்று ஓடி வந்தேன். வாசலில் யாரும் இல்லை. ஃபிரிட்ஜ் திறந்து கிடந்தது. மாமியின் உள்ளங்கையில் பிரித்த துணி. அழுகிய மிளகுகளுக்கு நடுவே ஒரே ஒரு உருண்டை வெள்ளை வேர் விட்டு, பச்சையாக நுனி காட்டியிருந்தது.

வாப்பாவை மாமி ஒருநாளும் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நின்றார்.