மணிக்கட்டுத் தெருவில் விருந்தாளிகள்

“கொசு எடுத்துட்டுத்தான போச்சு? அப்புறம் எப்படிம்மா வீங்குது?” என்று பிள்ளை ஒருநாள் கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளுடைய இடது மணிக்கட்டில் குடியிருக்கிறேன். அங்கிருந்து பேசினால் மேலே கேட்காது.

எங்கள் தெருவில் எல்லோரும் தோல் செல்கள். ஆளுக்கு ஒரு சுவர். சுவராக நிற்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கர்த்தர் எங்கள் சுவர்களுக்கு வாயும் கொடுத்திருக்கிறார்.

அன்று மாலை என் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கொசுவின் குழாய் இறங்கியது. கூடத்தின் நடுவே நின்று, கீழே ரத்தச் சாலையில் குடித்தது. கொஞ்சம் எச்சில் விட்டுவிட்டுப் போனது. நான் கத்தினேன். சுவரும் கத்தியது.

சத்தம் கேட்டு, ரத்தச் சாலை வழியே எங்கள் உறவினர்களான வெள்ளை அணுக்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பை சாத்துக்குடி. முதலில் வந்தவர் வேதமுத்துச் சித்தப்பா, கையில் கம்போடு.

“எங்கட்டி அவன்?”

“போயிட்டான் சித்தப்பா.”

“அப்ப யார அடிக்க?”

“யாரையும் அடிக்க வேண்டாம்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு, சும்மா போகச் சொல்லுதியா?”

அவர் என் நாற்காலியை அடித்தார். ஒரு கால் உடைந்தது. அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மேலும் மேலும் வந்தார்கள். தரை சூடானது. வீடு சிவந்தது. தெரு பூரி போல எழும்பியது.

பக்கத்து வீட்டுத் தவமணி அக்காவும் கத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க எதுக்குக் கத்துதீங்க?”

“நீ கத்துன. நா எப்படிட்டி சும்மா இருப்பேன்?”

“நான் நிறுத்திட்டேனே.”

“நீ நிறுத்திட்ட. ஒன் செவரு நிறுத்தலயே.”

உண்மைதான். சுவர் தானாகக் கத்திக்கொண்டிருந்தது. கூப்பிடுகிற குரல் ஓயாதபோது விருந்தாளி எழுந்து போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

அப்போது கூரை அதிர்ந்தது. அரிப்பெடுத்துச் சொறிகிற பிள்ளையின் நகம். இரண்டு ஓடுகள் பறந்தன. இன்னொரு தடவை வந்தால் அக்காவின் வீடு இருக்காது. அந்த ஓட்டை வழியே கிருமிகள் என்கிற நிஜமான திருடர்கள் இறங்குவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

போன பனிக்காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் தெரு வெடித்துக் கிடந்தது. பிள்ளை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்ததை எங்கள்மேல் தடவினாள். “பாவம், இதுக்கும்” என்றாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அதற்கு நாங்கள் இன்னும் எதுவும் திருப்பிச் செய்யவில்லை.

நான் ஜெபித்தேன். பிறகு சுவரில் கை வைத்து, அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினேன்.

“போதும்மா. கேட்டுட்டாங்க. எல்லாரும் வந்துட்டாங்க.”

சுவர் விம்மியது. அப்புறம் ஓய்ந்தது. அக்காவின் சுவரும் ஓய்ந்தது.

வாசலில் நின்று ஒவ்வொருவர் பையிலும் இரண்டு சாத்துக்குடியைத் திரும்பப் போட்டேன். “போயிட்டு வாங்க” என்றேன். போனார்கள். தரை இறங்கியது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

சித்தப்பா மட்டும் போகவில்லை. உடைந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அவன் விட்டுட்டுப் போன எச்சி வாட எனக்கு ஞாபகம் இருக்கு. மறுபடி வருவான்லா? நா இங்கயே கெடக்கேன்.”

“இருங்க சித்தப்பா.”

அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

நகம் மறுபடி இறங்கி வந்தது. கூரைக்கு மேலே நின்றது. காரணம் தேடியது. கிடைக்கவில்லை. திரும்பிப் போனது.

மேலே பிள்ளை, மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விழுந்த ஓடுகளைப் பெருக்கினேன். சித்தப்பா சரிந்து விழாதபடி நாற்காலிக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். என் சுவரில் அந்த எண்ணெயின் வாசம் இன்னும் கொஞ்சம் இருந்தது.