வால்நட்சத்திரத்தின் மேல் கத்தி

மலேயாவுக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் படத்தை மச்சான் அப்துல் ஹக் ரஃபியுதீனிடம் நீட்டினான்.

"சிதம்பரம் ஸ்டூடியோ மச்சான். பருவையெல்லாம் நெகட்டிவ்லயே பென்சிலால அடைச்சு, புள்ளியக் கத்தியால சுரண்டி, புதுமாப்ளையாட்டம் ஆக்கிட்டாங்க. அம்மைத் தழும்ப மட்டும் விட்டுட்டாங்க. அடையாளம் மாறக் கூடாதாம்."

அதே ஸ்டூடியோவில்தான் ரஃபியுதீன் நேற்றுத் தன் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தான். சுரண்டாமல் அங்கே எதுவும் பிரிண்டுக்குப் போகாது என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது.

1965, ஐப்பசி. விடியலுக்கு முன்னால் கடலுக்கு மேலே வால்நட்சத்திரம் நின்ற நாட்கள். துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவான ரஃபியுதீன் தேவனாம்பட்டினம் மணலில் எடுத்த முதல் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாய் இழுத்துக்கொண்டு வந்தது. பூமி சுற்றும்போது கேமரா நிமிஷக்கணக்கில் திறந்தபடி சும்மா இருந்தால் வேறென்ன வரும்? "மச்சான் பென்சில்ல கிறுக்கிட்டு வானம்ங்கறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான் அப்துல் ஹக்.

ரஃபியுதீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பலகையைக் கதவுக் கீலால் இணைத்து, ஒரு நீள ஸ்குரூவைப் பொருத்தினான். கடிகார முள்ளைப் பார்த்து அதைத் திருகத் திருக, மேல்பலகையிலிருந்த கேமரா வானத்தோடு சேர்ந்து நகர்ந்தது. நேற்று ஸ்டூடியோவில் கழுவியதும் நெகட்டிவை அங்கேயே வெளிச்சத்தில் பார்த்தபோது அழுகையே வந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கரும்புள்ளி, நடுவில் நீளமாய் வால்.

அந்தப் புள்ளிதான் இப்போது வினை. கோடாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். புள்ளியைத் தூசு என்றல்லவா நினைப்பார்கள்?

இன்னொரு படம் எடுக்கவும் வழியில்லை. மழை பிடித்துக்கொண்டது, விடுவதற்குள் வால்நட்சத்திரம் போய்விடும். ஓடிப்போய் சிதம்பரம் பஸ் ஏறினான். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது டிரைவர் நிதானமாகப் பீடி பற்றவைத்தார். அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது.

ஸ்டூடியோ ஜன்னலோரத்தில் ஒரு பெண் கையில் கத்தியோடு குனிந்திருந்தாள். சவரியம்மாள் என்று பேர் சொன்னார்கள்.

"நிறுத்துங்கம்மா."

நிமிர்ந்தாள். "இதுவா சார்? ஒரே தூசி. காலையிலேர்ந்து சுரண்டி இப்பதான் முடிச்சேன்."

நெகட்டிவைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை. வால்நட்சத்திரம் மட்டும் தலையும் வாலுமாய் அப்படியே இருந்தது.

"அதத் தொடல சார். தழும்போ என்னமோன்னு சந்தேகம். கேட்டுட்டு எடுக்கலாம்னு வுட்டேன்."

திட்டுவதா, நன்றி சொல்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுரண்டியதெல்லாம் என்னவென்று சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க சார். பென்சில்ல வெச்சுத் தர்றேன். யாரும் கண்டுபுடிக்க முடியாது."

முடியாதுதான். ஒவ்வொன்றின் இடமும் அவனுக்கு மனப்பாடம். அவள் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். தெருவெல்லாம் கேட்ட மச்சானின் சிரிப்பு அவன் காதில் விழுந்தது.

"வேணாம்மா. இருக்கறத மட்டும் பிரிண்ட் போடுங்க."