ரெண்டும் இருக்கட்டும்

பழையதை அழிக்கவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று மடிக்கணினி கேட்டபோது, மகள் ஒரு கையால், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்குத் தலையணையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தொண்டை அறுவையில் குரல் போனதிலிருந்து அந்தக் கணினிதான் அப்பாவுக்கு வாய். அச்சகத்தில் முப்பது வருஷம் அடித்த பழைய எழுத்துருவிலேயே அடிப்பார். அவள் திரையைப் பார்த்துப் படிப்பாள். ஒரு வாரமாக அது வரிக்கு வரி நின்று உயிரை வாங்கியது. புது இயங்குதளம் போட்டால் சரியாகும் என்றார்கள். அப்பா முந்தின நாளே அடித்திருந்தார்: ‘ரெண்டும் இருக்கட்டும்.’

“ஒரு உறையில ரெண்டு கத்தி எதுக்குப்பா? இடமும் இல்ல,” என்றாள். பழையதை அழித்தாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. அதோடு எழுத்துருவும் போகும் என்று உறைக்கவில்லை.

அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். ஆறு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ‘அவரே கூப்பிடட்டும், வரேன்’ என்று ஒரே பிடி. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

அன்று காலை பத்து மணிக்கு அப்பா அடித்தார். திரையைப் பார்த்து அடிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல், கண்ணை மூடிக்கொண்டேதான். எழுத்துரு இல்லாததால் தமிழுக்குப் பதில் வந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். படிக்க முடியவில்லை என்று சொன்னால் அவருக்கு இருக்கிற தெம்பும் போய்விடுமே என்று பயந்து, “சரிப்பா,” என்றாள்.

அப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு இன்னொரு முறை. அதே எழுத்துகள்.

“சரிப்பா, ஆகட்டும்.”

அந்த எழுத்துருவை எங்கெங்கோ தேடினாள். கிடைத்ததெல்லாம் வேறு. இரண்டு மணிக்கு மூச்சு நின்றபோதும் அப்பாவின் முகம் வாசல் பக்கமே இருந்தது.

சாயங்காலம் அச்சகத்துக் கூட்டாளி வந்தார். திரையைக் காட்டினாள். அவர் முழங்காலையே விசைப்பலகையாக்கி விரல்களை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார்.

“‘பெரியவன வரச் சொல்லு’ன்னு அடிச்சிருக்காரும்மா. ரெண்டு தடவையும் அதான்.”

பாவி, இரண்டு தடவையும் சரி என்றேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

சாவுச் செய்தி கேட்டு வந்த அண்ணன் செருப்பைக் கழற்றாமல் கேட் ஓரம் நின்றிருந்தான். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“அப்பா உன்னக் கூப்பிட்டாருண்ணா. காலைலயே. எனக்குத்தான் படிக்கத் தெரியல.”

அவன் திரையை வெகுநேரம் பார்த்தான்.

“இதுல என்ன இருக்கு?”

“அச்சகத்து மாமா படிச்சாருண்ணா.”

“அவரும் நல்ல மனுஷன்தான்,” என்றான். “என் மனசுக்காக எதையாவது சொல்லாதம்மா.”

மடிக்கணினியை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போனான்.