காறாத எண்ணெய்

எங்கள் கம்பெனியில் என் அண்ணனின் இருமலுக்குத் தனி மரியாதை உண்டு. ருசி பார்க்கும் அறையில் அவன் ஒரு தடவை இருமினால் எண்ணெய் பரவாயில்லை, இரண்டு தடவை இருமினால் முதல் தரம். புதிதாகப் பிழிந்த நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையின் அடியில் போய்க் காறும். காறவைக்கும் பொருளுக்கு ஓலியோகாந்தல் என்று பெயர். வீக்கத்தைத் தணிக்கும், வலி மாத்திரை மாதிரி வேலை செய்யும் என்று சொல்லிச் சொல்லியே முதலாளி எண்ணெயை விற்கிறார். அது எவ்வளவு இருக்கிறது என்று மெஷினில் அளப்பது என் வேலை, தொண்டையில் அளப்பது அண்ணன் வேலை. கூடப்பிறந்த பாவத்துக்கு இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை.

இந்த சீசனில் அவன் எல்லா எண்ணெய்க்கும் இரண்டு தடவை இருமினான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். மழை அதிகமான வருஷம், காயில் சத்து இறங்கவில்லை. காறும் பொருள் பாதிகூட இல்லை என்றது என் மெஷின். மெஷினைக் கழுவினேன், குழாயை மாற்றினேன், மறுபடி ஓட்டினேன். அதே கதைதான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சிரித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று எழுதித் தள்ளுகிறாயே என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

ஆனால் அவன் சிரித்த சிரிப்பில் சத்தமே வரவில்லை. குரல் கம்மிப் போயிருந்தது. கேட்டால் சளி என்றான். ருசி பார்ப்பவனுக்குச் சளி என்றால் முதலில் மூக்கு அடைக்கும், வாசனை தெரியாது, லீவு போட்டுவிடுவான். இவன் ஒருநாள்கூட லீவு போடவில்லை. தாழ்வாரத்தில் யாரோ ஆரஞ்சு உரித்ததைக் கதவு சாத்திய அறையிலிருந்தே சொல்கிறவனுக்கு என்ன சளி?

அண்ணி போனில் அழுதார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறானாம். டாக்டரிடம் போகலாம் என்றால் கம்பெனி எண்ணெயில் ஒரு கரண்டியை விழுங்கிவிட்டு, "காறுது பாரு, மருந்து வேலை செய்யுது" என்கிறானாம். வேறு யாராவது இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். எண்ணெயிலேயே பிழைக்கிற எங்கள் வீட்டில் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் டாக்டரிடம் போகச் சொல்லிப் பார்த்தேன். உன் மெஷினை முதலில் டாக்டரிடம் காட்டு என்றான்.

அதன் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மெஷினைச் சரிபார்க்க என்னிடம் ஒரு வெறும் எண்ணெய் உண்டு. வாசனை, ருசி, காறல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்திகரித்தது. யார் குடித்தாலும் தொண்டையில் தெரியாது. நிறம் பார்த்து ஏமாறக் கூடாது என்று நாங்கள் நீலக் கண்ணாடிக் கோப்பையில்தான் ருசிக்குக் கொடுப்போம். காலையில் வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒன்றில் அதை ஊற்றி மூடினேன். அவன் இருமாமல் இருந்தால் அவன் தொண்டை சரி, என் மெஷின்தான் பொய், நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கத் தயார். சின்ன வயதிலிருந்து அவனிடம் தோற்கக் கூடாது என்றே வளர்ந்தவள், அன்றைக்குத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினான். மூடியைத் திறந்து முகர்ந்தான். நெற்றி சுருங்கியது. இருந்தாலும் ஒரு வாய் உறிஞ்சி விழுங்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது இருமலில் மேஜையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

இருமல் அடங்கியதும் கோப்பையைத் தள்ளி வைத்தான். "இது உன்னோட வெறும் எண்ணெய்தானே?"

"ஆமாண்ணா. இதுல காற ஒண்ணுமே இல்ல."

"தெரியும். மூக்கு அப்பவே சொல்லிடுச்சு." மூடியை எடுத்துக் கோப்பையை மூடினான். "வீட்டுல பச்சத் தண்ணி குடிச்சாலும் காறுதும்மா. இங்க வந்து உக்காந்தா மட்டும்தான் அது எண்ணெயோட குணமா இருந்துச்சு."

இதற்காகத்தான் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

கதவு திறந்தது. முதலாளி நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் சந்தோஷம். மூன்று இருமல் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் மூன்று வந்ததே இல்லை, அதைத் தனி பாட்டிலில் போடலாம், எந்தத் தொட்டி எண்ணெய் என்று அவசரப்பட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். ஏதாவது ஒரு தொட்டியின் நம்பரைச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"எந்தத் தொட்டியிலயும் இல்ல, சார்" என்றான். "இங்க இருக்கு."

சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தின் ஓரத்தில் லேசாகப் புடைத்திருந்த இடத்தில் விரலை வைத்தான். தடவிப் பார்க்கவில்லை, தேடவில்லை. விரல் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றது.